இளம் சால்மனும் கடலின் உப்பும்: ஓர் ஆய்வு வரலாறு

சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மீண்டும் ஆற்றுக்குத் திரும்பும் வலசை மீன் ஆகும். வட அட்லாண்டிக் பெருங்கடலில் ஒரு இனமும், வட பசிபிக் பெருங்கடலில் கோஹோ, சினூக், சாக்கை, இளஞ்சிவப்பு, சம் முதலிய பல இனங்களும் உள்ளன. இவற்றின் குஞ்சுகள் நன்னீரை விட்டுக் கடலுக்குள் நுழையும் கட்டமே அவற்றின் வாழ்வில் மிக ஆபத்தான கட்டங்களுள் ஒன்று. அந்த நேரத்தில் மீனின் உடல் உப்பைத் தாங்கும் நிலையில் இல்லையென்றால் அது சில நாட்களில் இறக்கும். அல்லது உயிர் பிழைத்தும் வளராமல் நின்றுவிடும். இந்தத் தாங்குதிறன் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை காண 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆயின. கடல்நீர் பட்டதும் மீன் மாறுவதில்லை, கடலைக் காண்பதற்கு முன்பே ஆற்றில் இருந்தபடியே அது தன்னை மாற்றிக்கொள்கிறது என்பதே அந்த ஆய்வுகளின் முதன்மையான முடிவு.

நன்னீரும் கடல்நீரும் மீனுக்கு வைக்கும் சிக்கல்

பெருங்கடல் நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. எலும்பு மீன்களின் இரத்தத்தில் உள்ள உப்பின் செறிவு இதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. ஆற்று நீரிலோ உப்பு மிகமிகக் குறைவு. எனவே மீனின் உடல் ஆற்றைவிட உப்பு மிகுந்ததாகவும், கடலைவிட உப்புக் குறைந்ததாகவும் உள்ளது.

இதனால் இரண்டு இடங்களிலும் நேர் எதிரான சிக்கல்கள் எழுகின்றன. ஆற்றில் இருக்கும் மீனின் உடலுக்குள் சவ்வூடு பரவல் மூலம் நீர் தொடர்ந்து புகுகிறது. உப்பு வெளியே கசிகிறது. அந்த மீன் நீர்த்த சிறுநீரை மிகுதியாகக் கழித்து நீரை வெளியேற்றுகிறது. செவுள் வழியாகச் சுற்றுநீரிலிருந்து உப்பை உறிஞ்சிக்கொள்கிறது. கடலில் இருக்கும் மீனின் உடலிலிருந்து நீர் வெளியேறுகிறது. உப்பு உள்ளே புகுகிறது. சுற்றிலும் நீர் இருந்தும் அதன் உடல் வறண்டுபோகும் நிலையில் உள்ளது. ஆகவே அது கடல்நீரைக் குடிக்கிறது. குடித்த நீரைக் குடல் வழியாக உறிஞ்சி, உடன் வந்த உப்பை வெளியேற்றுகிறது.

ஆற்றில் உப்பை உள்ளே இழுத்த அதே செவுள், கடலில் உப்பை வெளியே தள்ள வேண்டும். ஒரு இளம் சால்மன் இந்தத் தலைகீழ் மாற்றத்தைச் சில வாரங்களுக்குள் செய்து முடிக்கிறது.

பார் தனி மீனா?

சால்மன் குஞ்சு ஆற்றில் வாழும் பருவத்தில் அதன் பக்கவாட்டில் விரல் பதிந்தது போன்ற கருந்தழும்புகள் காணப்படும். இந்நிலை ‘பார்’ எனப்படுகிறது. கடலுக்குப் புறப்படும் காலத்தில் தழும்புகள் மறைந்து, உடல் மெலிந்து நீண்டு, வெள்ளி நிறம் பெறுகிறது. இந்நிலை ‘ஸ்மோல்ட்’ எனப்படுகிறது. தோற்றத்தில் இவை அவ்வளவு வேறுபட்டிருந்ததால், பார் என்பது சால்மனே அல்ல, எப்போதும் சிறியதாகவே இருக்கும் தனி மீன் இனம் என்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பலர் கருதினர். இதற்கு நடைமுறை விளைவும் இருந்தது. சால்மனைக் காக்கும் சட்டங்கள் இருந்தபோதும், பார் மீன்கள் கட்டுப்பாடின்றிப் பிடிக்கப்பட்டன.

இக்கருத்தை மாற்றியவர் ஸ்காட்லாந்தின் டிரம்லான்ரிக் பண்ணையில் வேட்டைக் காவலராகப் பணியாற்றிய ஜான் ஷா. அவர் 1833இல் பார் மீன்களைப் பிடித்துக் குளத்தில் விட்டு வளர்த்தார். அடுத்த ஆண்டின் வசந்த காலத்தில் அவை ஸ்மோல்ட்டுகளாக மாறின. பார் பிறக்கும் இடத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பதற்காக, பின்னர் வளர்ந்த சால்மன்களின் முட்டைகளைக் கருவுறச் செய்து குஞ்சு பொரித்து வளர்த்தார். அவையும் முதலில் பார் ஆகி, பின்பு ஸ்மோல்ட் ஆயின. எடின்பர்க் அரச கழகம் இந்த ஆய்வுக்காக அவருக்குக் கீத் பதக்கம் வழங்கியது.

ஷாவின் குளத்தில் கடல்நீர் ஒரு துளியும் இல்லை. ஆயினும் மீன்கள் வெள்ளி நிறம் பெற்றன. உப்பு தொடாமலேயே மாற்றம் தொடங்குகிறது என்பதற்கு இதுவே முதல் சான்றாகும். ஆனால் அக்காலத்தில் விவாதம் மீனின் இனம் பற்றியதாகவே இருந்ததால், இந்தக் கோணம் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை.

1853இல் பெர்த் நகருக்கு அருகே டே ஆற்றின் கரையில் ஸ்டார்மண்ட்ஃபீல்டு என்னுமிடத்தில் சால்மன் வளர்ப்புக் குளங்கள் அமைக்கப்பட்டன. 1854இல் பொரித்த குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி 1855ஆம் ஆண்டின் வசந்தத்தில் ஸ்மோல்ட் ஆகிப் புறப்பட்டன. எஞ்சியவை மேலும் ஓர் ஆண்டு பார் நிலையிலேயே தங்கின. ஒரே நாளில் பிறந்த குஞ்சுகளும் ஒரே நேரத்தில் கடலுக்கு ஆயத்தமாவதில்லை என்பது இதன்மூலம் தெளிவானது. குறிப்பிட்ட உடல் அளவை எட்டிய குஞ்சே அவ்வாண்டு மாறுகிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

செவுளில் கண்டறியப்பட்ட உப்பு வழி

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேள்வி உடலியங்கியலின் கைக்கு வந்தது. கடல் மீன் உப்பை எவ்வாறு வெளியேற்றுகிறது? மீனின் சிறுநீரகத்தால் இரத்தத்தைவிட உப்புச் செறிந்த சிறுநீரை உருவாக்க இயலாது. எனவே வேறொரு வழி இருந்தாக வேண்டும்.

அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் ஹோமர் ஸ்மித் 1930இல் வெளியிட்ட ஆய்வில், கடல் எலும்பு மீன்கள் கடல்நீரைக் குடிக்கின்றன என்பதை நிறுவினார். நீரில் ஃபீனால் சிவப்பு என்னும் சாயத்தைக் கலந்து, அது குடலில் சேர்வதை அவர் அளந்தார். மெக்னீசியம், சல்பேட்டு ஆகியவை குடலிலும் சிறுநீரிலும் வெளியேறின. ஆனால் சோடியமும் குளோரைடும் அந்த அளவுக்கு அவற்றில் காணப்படவில்லை. அவை செவுள் வழியாகவே வெளியேற வேண்டும் என்று ஸ்மித் முடிவு செய்தார்.

இதை நேரடியாகச் சோதித்தவர் ஆன்சல் கீஸ். மனித உணவும் இதயநோயும் பற்றிய ஆய்வுகளால் பிற்காலத்தில் புகழ்பெற்ற அதே கீஸ் தான் இவர். கோபன்ஹேகனில் ஆகஸ்ட் குரோக்கின் ஆய்வகத்தில் விலாங்கு மீனின் இதயத்தையும் செவுளையும் சேர்த்துப் பிரித்தெடுத்து, அவற்றின் வழியே திரவத்தைச் செலுத்தி, செவுள் குளோரைடை வெளியேற்றுவதை அளந்தார். 1932இல் கேம்பிரிட்ஜில் வில்மருடன் சேர்ந்து, செவுளில் உள்ள ஒருவகைப் பெரிய செல்களே இப்பணியைச் செய்கின்றன என்று முன்மொழிந்தார். அவை ‘குளோரைடு செல்கள்’ எனப்பட்டன. அதே பத்தாண்டில் குரோக், நன்னீர் மீன்கள் மிக நீர்த்த நீரிலிருந்தும் குளோரைடை உறிஞ்சும் திறன் கொண்டவை என்பதைக் காட்டினார்.

குளோரைடு செல்லின் பணி பற்றிய ஐயம் அரை நூற்றாண்டு நீடித்தது. 1982இல் ஃபாஸ்கெட், ஷெஃபி ஆகியோர் திலேப்பியா மீனின் செவுள்மூடியின் உட்சவ்வில் தனித்தனிச் செல்களின் மின்னோட்டத்தை அளந்து, உப்பு அச்செல்களின் வழியேதான் வெளியேறுகிறது என்பதை உறுதி செய்தனர். தமிழகக் குளங்களில் ஜிலேபி மீன் என்று அறியப்படுவதும் இந்தத் திலேப்பியாவே. அது ஆற்றிலும் உவர்நீரிலும் வாழக்கூடியது.

வசந்தத்தில் உயரும் நொதி

உப்பை வெளியே தள்ள ஆற்றல் தேவை. அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதற்கான திறவுகோல் மீனிலிருந்து அல்ல, நண்டிலிருந்து கிடைத்தது. டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கூ 1957இல் கடற்கரை நண்டின் நரம்பில் சோடியம்–பொட்டாசியம் ஏ.டி.பி.ஏஸ் என்னும் நொதியைக் கண்டறிந்தார். செல்லின் ஆற்றலைச் செலவிட்டுச் சோடியத்தை வெளியேயும் பொட்டாசியத்தை உள்ளேயும் தள்ளும் பம்பு இது. இக்கண்டுபிடிப்புக்காக 1997ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

1967இல் எப்ஸ்டீன், கட்ஸ், கிரேஸ் பிக்ஃபோர்டு ஆகியோர், கடல்நீரில் வைக்கப்பட்ட கில்லி மீனின் செவுளில் இந்நொதியின் செயல்பாடு உயர்வதைக் காட்டினர். அதுவரை அறிந்ததைக் கொண்டு பார்த்தால், உப்பு கூடினால் நொதி கூடும் என்று கொள்ள இடமிருந்தது.

சால்மனில் நிலைமை வேறாக இருந்தது. 1970இல் அமெரிக்காவின் சாக், மெக்லெய்ன் ஆகியோர் கோஹோ சால்மனின் செவுள் நொதியைப் பருவந்தோறும் அளந்தனர். நன்னீரிலேயே வைக்கப்பட்ட குஞ்சுகளிலும் வசந்தத்தில் நொதியின் செயல்பாடு உயர்ந்தது. கடலுக்குச் செல்ல விடாமல் நன்னீரிலேயே தடுத்து வைத்தால், கோடையில் அது மீண்டும் சரிந்தது. ஷாவின் குளத்தில் கண்ணால் காணப்பட்ட மாற்றம் இங்கு எண்களாக வந்து நின்றது. இளம் சால்மன் கடலுக்கு முன்கூட்டியே ஆயத்தமாகிறது. அந்த ஆயத்தநிலை நிலைத்து நிற்பதுமில்லை. அது திறந்து மூடும் ஒரு கால வாசல்.

2003இல் வானவில் டிரௌட் மீனில் இந்த நொதியின் இரு வடிவங்கள் இருப்பதும், நன்னீரில் ஒன்றும் கடல்நீரில் மற்றொன்றும் மேலோங்குவதும் கண்டறியப்பட்டது. சால்மன் குஞ்சு ஆற்றில் இருக்கும்போதே கடல்நீர் வடிவத்தை உருவாக்கத் தொடங்குகிறது என்பது பின்னர் அறியப்பட்டது.

பகல் நீளமும் இயக்குநீர்களும்

கடலை அறியாத மீனுக்குக் காலம் வந்துவிட்டது என்பதை எது சொல்கிறது? வசந்தத்தில் நீளும் பகலே முதன்மையான அறிகுறி என்பது 1960களிலும் 1970களிலும் நடந்த சோதனைகளில் தெரிந்தது. செயற்கை ஒளியால் பகல் நீளத்தை மாற்றினால் ஸ்மோல்ட் ஆகும் காலத்தையும் முன்பின்னாக நகர்த்த முடிந்தது. நீரின் வெப்பநிலை அந்த மாற்றத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது.

ஒளியின் செய்தியை உடலெங்கும் கொண்டு செல்பவை இயக்குநீர்கள். கனடாவின் வில்லியம் ஹோர் 1939இல் அட்லாண்டிக் சால்மனின் தைராய்டு சுரப்பி ஸ்மோல்ட் காலத்தில் முனைப்பாகச் செயல்படுவதை விவரித்தார். 1956இல் வளர்ச்சி இயக்குநீரைச் செலுத்திய டிரௌட் மீன்கள் உப்பைக் கூடுதலாகத் தாங்கின. கார்ட்டிசோல் செவுளில் உப்பு வெளியேற்றும் செல்களைப் பெருக்குகிறது. இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது புரோலாக்டின். பிட்யூட்டரி சுரப்பி நீக்கப்பட்ட கில்லி மீன் நன்னீரில் இறந்துவிடும் என்றும், புரோலாக்டின் கொடுத்தால் பிழைக்கும் என்றும் 1959இல் பிக்ஃபோர்டும் ஃபிலிப்ஸும் காட்டினர்.

உப்பைத் தாங்கச் செய்யும் வளர்ச்சி இயக்குநீரே உடலை வளரச் செய்வதும் ஆகும். வளர்ச்சியும் உப்புத் தாங்குதிறனும் ஒரே கட்டுப்பாட்டில் பின்னிப் பிணைந்திருப்பதால், ஒன்று தவறினால் மற்றொன்றும் தவறுகிறது.

குட்டையாகிப்போன மீன்கள்

இந்த அறிவு பொரிப்பகங்களுக்கும் பண்ணைகளுக்கும் உடனடியாகத் தேவைப்பட்டது. 1970இல் நார்வேயின் ஹிட்ரா தீவில் குரோன்ட்வெட் சகோதரர்கள் கடலில் மிதக்கும் கூண்டில் சால்மன் குஞ்சுகளை விட்டு வளர்த்தனர். இன்றைய சால்மன் வளர்ப்புத் தொழிலின் தொடக்கமாக இது கருதப்படுகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் புஜெட் சவுண்ட் கடற்பகுதியிலும் 1970களில் கோஹோ சால்மன் வலைக்கூண்டுகளில் வளர்க்கப்பட்டது.

அங்கு ஒரு வியப்பான இழப்பு நேர்ந்தது. உரிய காலத்துக்கு முன்போ பின்போ கடல்நீருக்கு மாற்றப்பட்ட குஞ்சுகளில் பல உடனே இறக்கவில்லை. ஆனால் வளரவும் இல்லை. உடன் வந்த மீன்கள் பருத்தபோது இவை சிறுத்து, மெலிந்து, மீண்டும் பார் தழும்புகளைக் காட்டியபடி இருந்தன. பின்னர் ஒவ்வொன்றாக மடிந்தன. இவை குட்டை மீன்கள் எனப்பட்டன. உயிர் பிழைப்பதும் கடலில் வாழத் தகுதி பெறுவதும் ஒன்றல்ல என்பதை இவை காட்டின.

வெள்ளி நிறத்தை மட்டும் பார்த்து மீன் ஆயத்தமா என்று முடிவு செய்ய இயலாது என்பதும் இதனால் தெளிவாயிற்று. 1977இல் கனடாவின் கிளார்க், பிளாக்பர்ன் ஆகியோர் எளிய சோதனை ஒன்றை வகுத்தனர். சில குஞ்சுகளை 24 மணி நேரம் கடல்நீரில் விட்டு, இரத்தத்தில் உள்ள சோடியத்தை அளப்பதே அது. சோடியம் லிட்டருக்குச் சுமார் 170 மில்லிமோலுக்குள் நின்றால் மீன் ஆயத்தம்; அதைத் தாண்டி ஏறினால் ஆயத்தமில்லை. இம்முறை இன்றும் பயன்படுத்தப்படுகிறது.

எந்த உவர்ப்பில் வளர்ச்சி மிகுதி?

உப்பைச் சமன் செய்ய மீன் ஆற்றலைச் செலவிடுகிறது. சுற்றுநீரின் உவர்ப்பு இரத்தத்தின் உவர்ப்புக்கு நெருங்கி இருந்தால் அந்தச் செலவு குறைந்து, மிச்சமாகும் ஆற்றல் வளர்ச்சிக்குப் போகும் என்பது பழைய எதிர்பார்ப்பு. பிரான்சின் ஜில் பஃப், பத்ரிக் பயான் ஆகியோர் 2001இல் பல மீன் இனங்களின் ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டனர். பல இனங்களில், லிட்டருக்கு 8 முதல் 20 கிராம் வரையிலான இடைநிலை உவர்ப்பில் வளர்ச்சி சிறப்பாக இருந்தது. ஆனால் அதற்கான காரணம் எதிர்பார்த்த அளவுக்கு எளிதாக இல்லை. மீனின் மொத்த ஆற்றலில் 20 முதல் 50 விழுக்காட்டுக்கும் மேல் உப்புச் சமநிலைக்குச் செலவாகிறது என்று முந்தைய ஆய்வுகள் கூறியிருந்தன; புதிய அளவீடுகளோ சுமார் 10 விழுக்காட்டையே காட்டின. ஆகவே ஆற்றல் மிச்சம் மட்டும் இதை விளக்கப் போதாது. உவர்ப்பு மீனின் பசியையும், உணவை உடலாக மாற்றும் திறனையும், இயக்குநீர்களையும் சேர்த்தே மாற்றுகிறது.

இந்த முடிவு பண்ணைகளில் பயன்பாட்டுக்கு வந்துள்ளது. நார்வேயில் ஸ்மோல்ட் நிலையைக் கடந்த சால்மன்களைக் கடலுக்கு அனுப்பும் முன், கரையில் உள்ள மூடிய தொட்டிகளில் லிட்டருக்குச் சுமார் 12 கிராம் உப்புள்ள நீரில் வளர்த்துப் பெரிதாக்கும் முறை ஆராயப்பட்டுள்ளது.

எதிர்த்திசையில் செல்லும் மீன்கள்

எல்லா வலசை மீன்களும் சால்மனைப் போல் ஆற்றில் பிறப்பதில்லை. விலாங்கு கடலில் பிறந்து, இளமையில் ஆற்றுக்குள் நுழைகிறது. தமிழகக் கடற்கரையின் கொடுவா மீனும் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் கழிமுகங்களிலும் காயல்களிலும் வளர்கின்றன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், 1997இல் முட்டுக்காட்டில் கொடுவாவைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்வித்தது. கடல்நீரில் பொரித்த குஞ்சுகளை உவர்நீர்க் குளத்துக்கோ நன்னீர்க் குளத்துக்கோ கொண்டு செல்லும்போது உப்பைப் படிப்படியாகக் குறைத்துப் பழக்குவது வழக்கம். கொடுவா பரந்த உவர்ப்பு எல்லைக்குள் வாழக்கூடியது. சால்மனுக்கோ அந்தத் தாராளம் இல்லை; அதற்குக் காலமும் பொருந்தி வர வேண்டும்.

அணைகள், அமில மழை, தவறிப்போகும் காலம்

சால்மனின் கால வாசல் குறுகியது என்பதால், அதைக் கடலுக்குச் செல்லவிடாமல் தாமதப்படுத்தும் எதுவும் அதற்கு ஆபத்தாகிறது. அமெரிக்காவின் ஸ்னேக் ஆற்றின் மேற்பகுதியில் பிறக்கும் சால்மன், கொலம்பியா ஆற்றின் வழியாகக் கடலை அடைய 8 பெரிய அணைகளைக் கடக்க வேண்டும். முன்பு வெள்ளப்பெருக்கு அடித்துச் சென்ற குஞ்சுகள் இப்போது தேங்கிய நீரில் மெல்ல நகர்கின்றன. சுழலிகளில் சிக்கி இறப்பவை கண்ணுக்குத் தெரியும் இழப்பு. தாமதத்தால் செவுளின் ஆயத்தம் கலைந்துபோவது கண்ணுக்குத் தெரியாத இழப்பு. குஞ்சுகளைப் படகுகளிலும் லாரிகளிலும் ஏற்றி அணைகளுக்குக் கீழே கொண்டுபோய் விடும் ஏற்பாடு இதனால்தான் உருவானது.

கனெக்டிகட் ஆற்றில் 1798இல் கட்டப்பட்ட அணை ஆற்றின் சால்மன் இனத்தையே அழித்தது. அதை மீட்க 1967இல் தொடங்கிய திட்டத்திலிருந்து அமெரிக்க மத்திய அரசு 2012இல் விலகிக்கொண்டது. அந்த ஆற்றில் ஸ்டீபன் மெக்கார்மிக்கும் அவரது குழுவினரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு, வலசைக் காலத்தின் பிற்பகுதியில் ஆறு வெப்பமடையும்போது ஸ்மோல்ட்டுகள் தம் கடல் தகுதியை இழப்பதைக் காட்டியது.

நார்வேயின் தென்பகுதி ஆறுகளில் வேறொரு தடை இருந்தது. அமில மழை மண்ணிலிருந்து அலுமினியத்தைக் கரைத்து ஆற்றில் சேர்த்தது. அது செவுளில் படிந்தது. நன்னீரில் மீனைக் கொல்லாத அளவிலேயே அது செவுள் நொதியைக் குறைத்து, கடலில் மீனைக் கைவிட்டது. ஆற்றில் நலமாகக் காணப்பட்ட மீன் கடலுக்குச் சென்று திரும்பவில்லை. 1980களிலிருந்து சுண்ணாம்பு இட்டு ஆறுகளின் அமிலத்தன்மையைக் குறைத்தபின் பல ஆறுகளில் சால்மன் மீண்டும் பெருகியது.

ஆறுகள் வெப்பமடைந்து வரும் இக்காலத்தில் இந்த வரலாறு புதிய பொருள் பெறுகிறது. சால்மனின் உடல் பகல் நீளத்தைக் கொண்டு நாள் குறிக்கிறது. பகல் நீளம் மாறுவதில்லை. நீரின் வெப்பம் மாறுகிறது. வெப்பம் கூடினால் ஆயத்தநிலை விரைவில் முடிந்துவிடுகிறது. எனவே ஒரு ஆற்றில் எத்தனை குஞ்சுகள் உள்ளன என்பதுடன், அவற்றில் எத்தனை உரிய நாளில் உப்புநீரை எட்டுகின்றன என்பதும் அந்த ஆற்றின் சால்மன் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது.